டென்ட் ஏன் பிசுபிசுக்கிறது? பத்தாயிரம் ரூபாய்க்குள் நால்வருக்கான கேம்பிங் சாமான்

கேட்டது சுருக்கமாக இது: சேலத்தில் நால்வர் குடும்பம். பெரியவர்கள் இருவர், 8 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஏற்காடு, கொல்லிமலை, எப்போதாவது கொடைக்கானல். பயணம் பேருந்தில், தங்குவது ஓர் இரவு. இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய டென்டை இப்போது பிரித்தால் உள்பக்கம் பிசுபிசுக்கிறது, புளித்த வாந்தி போல நாறுகிறது, போன முறை மழையில் ஒழுகியும் விட்டது. புதிதாக வாங்க பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. எதை வாங்குவது, இந்தத் தடவையாவது அது நிலைக்க என்ன செய்வது?

முதலில் பழைய டென்டைப் பார்ப்போம். அது ஏன் கெட்டது என்று தெரியாமல் புதிதாக வாங்கினால், இரண்டு வருடத்தில் திரும்பவும் இதே கேள்விதான்.

குறைந்த விலை டென்ட் துணி பாலியஸ்டர். வெறும் பாலியஸ்டர் தண்ணீரைத் தடுக்காது. உள்பக்கம் பாலியூரித்தேன் என்ற பூச்சை மெல்லிய தோல் போலப் பூசுகிறார்கள். தண்ணீரைத் தடுப்பது அந்தத் தோல்தான். ஈரமும் சூடும் சேர்ந்து நாள்கணக்கில் இருந்தால் அந்தப் பூச்சின் மூலக்கூறுகள் தண்ணீரோடு வினைபுரிந்து உடைகின்றன. முதலில் பிசுபிசுப்பு, பிறகு அந்த நாற்றம், கடைசியில் வெள்ளைச் செதிலாக உரிந்து கொட்டும். விலை உயர்ந்த டென்டுக்கும் இதே கதிதான், கொஞ்சம் தாமதமாக வரும். நம் வீடுகளில் இது சீக்கிரம் நடப்பதற்குக் காரணம் பரண். காங்கிரீட் தளத்துக்கு ஒரு முழம் கீழே, காற்றே இல்லாத இடத்தில், பனியில் நனைந்து முழுதும் காயாத டென்டைச் சுருட்டி வைக்கிறோம். சித்திரை வைகாசியில் அங்கே வெயிலும் புழுக்கமும் சேர்ந்து அந்தத் துணியை அவித்துவிடும்.

உங்கள் டென்ட் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. விரலை அழுத்தி எடுக்கும்போது துணி ஒட்டிக்கொண்டே வந்தால் அதைத் திரும்பப் பூசிச் சரிசெய்ய ஆகும் செலவும் உழைப்பும் கட்டுப்படியாகாது. மேல்துணியைக் கழித்துவிடுங்கள். ஆனால் உள்கூடாரத்தின் கொசுவலைப் பகுதி, கம்பிகள், முளைகள், கயிறுகள் எல்லாம் நன்றாகவே இருக்கும். மழையில்லாத மாதத்தில் அதே உள்கூடாரத்தின் மேல் ஒரு தார்ப்பாயைக் கட்டினால் இன்னும் சில வருடம் ஓடும். மொட்டைமாடியில் பிள்ளைகள் படுக்கவும் ஆகும்.

ஒழுகியது என்று நினைத்த தண்ணீர் வெளியிலிருந்துதான் வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். ஓர் ஆள் ஓர் இரவில் மூச்சிலும் தோலிலுமாகக் கால் லிட்டருக்குக் குறையாமல் ஈரத்தை வெளியே விடுகிறார். நால்வர் என்றால் ஒரு லிட்டர். ஜன்னலையெல்லாம் இழுத்து மூடினால் அத்தனையும் குளிர்ந்த மேல்துணியில் பட்டுத் துளியாகி உங்கள் மேலேயே சொட்டும். விடியும்போது மேல்துணியின் உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே சீராக நுண்ணிய துளிகள் என்றால் அது மூச்சு ஈரம்; அதற்கு மருந்து காற்றோட்டம். தையல் ஓரமாக மட்டும் கோடு போல ஈரம் இறங்கியிருந்தால் அது ஒழுகல்.

இனி புதிய டென்ட். பத்தாயிரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கலாம். கடையில் பார்க்க வேண்டியது மூன்று.

ஒன்று, இரட்டைச் சுவர். உள்ளே வலை வைத்த கூடாரம், அதற்கு மேல் தனியாக ஒரு மேல்துணி. அந்த மேல்துணி நான்கு பக்கமும் தரைக்கு ஒரு சாண் உயரம் வரை இறங்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பல டென்டுகளில் மேல்துணி தொப்பி போல உச்சியை மட்டும்தான் மூடும். கடற்கரையில் நிழலுக்கு அது போதும், மலைச்சாரலுக்கு ஆகாது. காற்றோடு அடிக்கும் மழை பக்கவாட்டில்தான் வரும்.

இரண்டு, பூச்சின் தாங்குதிறன். இதை மில்லிமீட்டரில் எழுதியிருப்பார்கள்: துணி எத்தனை உயரத் தண்ணீர் நிற்கும்வரை கசியாது என்ற கணக்கு. மேல்துணிக்கு 1500-க்குக் குறைந்தால் வேண்டாம், 2000 இருந்தால் நிம்மதி. தரைத்துணிக்கு 3000. தரைக்கு ஏன் கூடுதல் என்றால், மேலே விழுவது மழைத்துளியின் அழுத்தம் மட்டும். கீழே முட்டி ஊன்றும்போது ஒரு மனிதரின் எடை முழுக்க உள்ளங்கையளவு இடத்தில் இறங்குகிறது. இந்த எண்ணையே போடாமல் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று மட்டும் அச்சடித்த டென்டை நம்ப வேண்டாம். தையல்களின் உள்பக்கம் பளபளவென்று நாடா ஒட்டியிருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள்.

மூன்று, அகலம். ‘நான்கு பேர்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள், தரையின் அளவைப் பாருங்கள். ஒருவர் படுக்க 60 சென்டிமீட்டர் வேண்டும். 240-க்கு 210 சென்டிமீட்டர் தரை இருந்தால் நீங்கள் நால்வரும் நெருக்கமாகப் படுக்கலாம், பைகள் வாசலுக்கு வெளியே மேல்துணி மூடும் திண்ணையில். இந்த அளவில் இரட்டைச் சுவர் டென்ட் 4 முதல் 5 கிலோ வரும். மொத்தமாக ஒருவர் தோளில் ஏற்றாமல் பிரித்துக்கொள்ளுங்கள்: கம்பியும் முளையும் ஒருவர் பையில், துணிகள் இன்னொருவர் பையில். தூக்கிப்போட்டால் தானே விரியும் டென்ட் பார்க்க ஆசையாக இருக்கும். மடித்தால் அது ஒரு பெரிய வட்டத் தட்டாகிவிடும், பேருந்தில் வைக்க இடம் கிடைக்காது. உங்களுக்கு அது வேண்டாம்.

கம்பி இந்த விலையில் ஃபைபர்கிளாஸ்தான். அலுமினியம் எடை குறைவு, உடைவதற்குப் பதில் வளையும், ஆனால் விலை ஏறும். ஃபைபர்கிளாஸ் பெரும்பாலும் இணைப்புக் குழாய் அருகே நீளவாக்கில் நார் நாராகப் பிளக்கும். வெறுங்கையால் தடவாதீர்கள், கண்ணாடி நார் விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். கம்பியின் மேல் சரியாக நுழைகிற இரும்பு அல்லது அலுமினியக் குழாய் 10 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒரு சுருள் இன்சுலேஷன் டேப்போடு முளைப் பையிலேயே போட்டுவையுங்கள். நடுராத்திரியில் கம்பி பிளந்தால், அந்த இடத்தில் குழாயை ஏற்றி இரண்டு முனையிலும் டேப் சுற்றினால் காலை வரை தாங்கும். துணிக்குள் கம்பியை நுழைக்கும்போது தள்ளுங்கள், இழுக்காதீர்கள்; இழுத்தால் இணைப்பு கழன்று உள்ளே சிக்கும். மடிக்கும்போது நடுவிலிருந்து இரண்டு ஓரத்தை நோக்கி மடியுங்கள், உள்ளே ஓடும் எலாஸ்டிக் இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுபடும்.

டென்டுக்கு அடியில் விரிக்க வேறு துணி வேண்டும். இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள்: டென்டை விடப் பெரிய தார்ப்பாயை விரித்து ஓரம் வெளியே தெரிய விடுவது. மேல்துணியிலிருந்து வழியும் மழை அந்த ஓரத்தில் விழுந்து நேராக உங்கள் முதுகுக்கு அடியில் வந்து தேங்கும். விரிப்பு டென்ட் தரையைவிட எல்லாப் பக்கமும் நான்கு விரல் உள்ளே அடங்க வேண்டும். பழைய ஃபிளெக்ஸ் பேனர் சும்மா கிடைக்கும், ஆனால் எடையைக் கணக்குப் போடுங்கள். ஃபிளெக்ஸ் ஒரு சதுர மீட்டர் 280 கிராம் வரை வரும், 2-க்கு 2 மீட்டர் வெட்டினாலே ஒரு கிலோவுக்கு மேல். 90 ஜி.எஸ்.எம். தார்ப்பாய் அதே அளவுக்கு 360 கிராம். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை. பரப்பால் பெருக்கினால் எந்தத் துணியின் எடையும் வாங்கும் முன்பே தெரிந்துவிடும். 9-க்கு 12 அடி தார்ப்பாய் இன்னொன்று தனியாக வாங்குங்கள், ஒரு கிலோவுக்குள் இருக்கும். அதை டென்ட் வாசலுக்கு மேல் சாய்வாகக் கட்டினால் மழை நேரத்தில் உட்கார, செருப்பு விட, சமைக்க இடம். பகல் பிக்னிக்குக்கும் அதுவே விரிப்பு, அதுவே நிழல்.

படுக்கையில் குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்து ஏறுவது அதிகம். எத்தனை தடித்த போர்வையானாலும் உடம்புக்கு அடியில் நசுங்கிவிடும், நசுங்கிய பஞ்சு சூட்டைப் பிடிக்காது. அதனால் பணம் போர்வைக்குப் போகும் முன் பாய்க்குப் போகட்டும். வீட்டில் இருக்கும் 6 மில்லிமீட்டர் யோகா பாய் ஒரு கிலோவை ஒட்டி வரும். பேக்கிங் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் 10 மில்லிமீட்டர் வெள்ளை நுரைத்தாளை 180-க்கு 60 சென்டிமீட்டர் வெட்டினால் 250 கிராம் அளவில்தான் நிற்கும். அலுமினியத் தாள் ஒட்டியதும் கிடைக்கும், வெள்ளிப்பக்கம் மேலே இருக்கட்டும். இது சில பயணங்களில் நசுங்கித் தட்டையாகும், அப்போது புதிது வாங்கினால் போதும். காற்றடைக்கும் மெத்தை சுகம்தான். ஆனால் முள் குத்தினால் ராத்திரி முழுக்கத் தரையில்தான். அந்த பி.வி.சி. மெத்தைக்கு சைக்கிள் ட்யூப் பஞ்சர் ஒட்டு பிடிக்காது, அது ரப்பருக்கானது.

ஸ்லீப்பிங் பேக் வேண்டுமா என்பதை உயரம் சொல்லும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். சேலத்தில் விடியற்காலை 22 டிகிரி என்றால் ஏற்காட்டில் 14. அதற்கு ஸ்லீப்பிங் பேக் தேவையில்லை. எட்டு முழ வேட்டி ஒன்றை நீளம் பாதியாகும்படி இரண்டாக மடித்து, ஒரு நீளப் பக்கத்தை முழுக்கவும், இன்னொன்றைப் பாதிவரையும் தைத்தால் ஓர் ஆள் உள்ளே நுழைந்து படுக்கும் பை ஆகிவிடும். எடை அரை கிலோவுக்குள். அதன் மேல் ஒரு ஃப்ளீஸ் போர்வை. பவானி ஜமுக்காளம் வீட்டுக்கு நல்லது, தோளுக்குக் கனம். கொடைக்கானலுக்கு மார்கழியில் போனால் ராத்திரி 8 டிகிரி வரை இறங்கும், அதற்கு மட்டும் ஸ்லீப்பிங் பேக் வேண்டும். லேபிளில் இரண்டு மூன்று வெப்பநிலை எழுதியிருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ‘எக்ஸ்ட்ரீம்’, அதாவது உயிர் பிழைக்கும் எல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ‘கம்ஃபர்ட்’ என்ற எண்ணை. அது 5 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால் கொடைக்கானலுக்குச் சரி. நம் ஈரத்துக்கு இறகு அடைத்தது வேண்டாம், நனைந்தால் கட்டிதட்டிச் சூடே தராது. செயற்கைப் பஞ்சு போதும்.

அடுப்பைப் பற்றி என் கருத்து வெளிப்படையானது: பேருந்தில் போய் ஓர் இரவு தங்கும் குடும்பத்துக்கு அடுப்பே வேண்டாம். பேருந்திலும் ரயிலிலும் எரிவாயுக் குப்பி கொண்டுபோகக் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது, விதியை மீறி உள்ளே வைத்திருந்த சிலிண்டரால்தான். புளியோதரை, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, சப்பாத்தியும் தொக்கும் மறுநாள் காலைவரை தாங்கும். ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கில் வெந்நீர், ஊறவைத்தால் போதுமான அவல், வெல்லம். அடுப்பு, குப்பி, சட்டி, எண்ணெய், மளிகை எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு கிலோ அப்படியே குறையும்.

சொந்த வண்டியில் போகும்போது வைத்துக்கொள்ளலாம். அப்போது குப்பியின் தலையில் திருகும் அடுப்பைவிட, மூன்று கால் விரித்து ரப்பர் குழாயில் குப்பியோடு சேரும் அடுப்பு நல்லது. சட்டி தாழ்வாக உட்காரும், பிள்ளைகள் இடறினாலும் எளிதில் கவிழாது. 220 கிராம் பியூட்டேன் குப்பி ஒன்று 12 லிட்டர் தண்ணீரையாவது கொதிக்க வைக்கும், நால்வருக்கு ஓர் இரவுக்குத் தாராளம். குப்பியைப் படுக்கவைக்கும் வகை என்றால் வாய் விளிம்பில் உள்ள வெட்டுப் பள்ளம் மேல்நோக்கி இருக்க வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வந்து தீ ஆளுயரம் சீறும். ஒவ்வொரு முறையும் பொருத்தியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் உள்ளேயுள்ள ரப்பர் வளையம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், மாற்றாமல் பற்றவைக்காதீர்கள். காற்றுக்குத் தகரம் மறைக்கும்போது குப்பியையும் சேர்த்து வளைக்காதீர்கள், சூடேறி வெடிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் குப்பி இருக்கக் கூடாது. டென்டுக்குள் எந்த அடுப்பும், கரி போட்ட சட்டியும்கூட, கூடவே கூடாது. மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

விறகு மூட்டுவதை முழுக்க விட்டுவிடுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். மாசியிலிருந்து வைகாசி வரை மலைப்புல் காய்ந்த வைக்கோல்தான். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி டென்ட் போடவும் முடியாது. அனுமதி பெற்ற தனியார் முகாம் இடங்களையே பாருங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும்போது பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எடுக்காதீர்கள். மெல்லிய ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டில் போதும். இரட்டைச் சுவர் பாட்டில் வெறுமனே அரை கிலோ இருக்கும்.

விலை கடைக்குக் கடை மாறும், என்றாலும் தோராயக் கணக்கு இது: டென்ட் 5,000, தார்ப்பாய் இரண்டும் 800, நுரைப்பாய் நான்கு 1,000, தலைவிளக்கு இரண்டு 700, கயிறும் நல்ல முளைகளும் 400. ஏறத்தாழ 7,900. மீதியைக் கொடைக்கானலுக்கான இரண்டு ஸ்லீப்பிங் பேகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நாடா ஒட்டிய தையலுள்ள இன்னும் நல்ல டென்டுக்குப் போடுங்கள். நான் இரண்டாவதைச் செய்யச் சொல்வேன்.

இனிப் பராமரிப்பு. வாங்கிய வாரமே மொட்டைமாடியில் டென்டை விரித்து, வாளித் தண்ணீரைப் பூவாளியால் பத்து நிமிடம் ஊற்றுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு தையல்களைப் பார்க்கட்டும். கசியும் இடத்தில் பேனாவால் குறி போட்டு, காய்ந்தபின் உள்பக்கத்தைச் சானிடைசர் திரவம் தொட்ட துணியால் துடைத்து, பாலியூரித்தேன் தையல் பசையைச் சிறு தூரிகையால் மெல்லிசாகத் தடவுங்கள். ஒருநாள் முழுக்கக் காயட்டும், பிறகு மேலே டால்கம் பவுடர் தூவுங்கள், மடித்தால் ஒட்டாது. ஹார்டுவேர் கடை சிலிக்கான் பசை இந்தப் பூச்சின் மேல் பிடிக்காது, ஓரிரு மடிப்பில் உரிந்து வந்துவிடும்.

மலையிலிருந்து திரும்பிய அன்றே, குளிக்கும் முன், டென்டைப் பையிலிருந்து வெளியே எடுங்கள். காலையில் வெயில் பட்டுக் காய்ந்தது என்று தோன்றினாலும் எடுங்கள். நிழலில் கொடியில் போடுங்கள், அல்லது அறைக்குள் நாற்காலிகளின் மேல் விரித்து மின்விசிறியைச் சுழலவிடுங்கள். நேர் வெயிலில் நாள்கணக்கில் போட்டால் துணி நைந்துபோகும். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போடுங்கள். பரந்த துணி அரைமணியில் காய்ந்துவிடும், ஏமாற்றுவது ஓரங்கள். நான்கு மூலையிலும் முளை மாட்டும் நாடா இரண்டு மூன்று அடுக்காக மடித்துத் தைத்தது. அதை இரு விரலால் அழுத்தி உதட்டோரம் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் உண்டு. ஜிப் ஓடும் நாடாவும் அப்படித்தான். மூலை நாடா காயாமல் மடிக்கவே கூடாது.

மண், சோற்றுப்பருக்கை, குழம்புக் கறையை ஈரத்துணியாலும் சாதாரண சோப்பாலும் துடையுங்கள். உணவு வாசனை இருந்தால் எலி ஓட்டை போட்டுவிடும். துணி சோப்புத் தூள், வாஷிங் மெஷின், இஸ்திரி மூன்றும் கூடாது. கருப்புப் பூஞ்சைப் புள்ளி வந்திருந்தால் வெளியே வைத்துக் காய்ந்த தூரிகையால் தட்டி, ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து நிழலில் காயவையுங்கள். புள்ளி மறையாது, பரவுவது நிற்கும். பிளீச்சிங் பவுடர் பூச்சையே தின்றுவிடும்.

காய்ந்த டென்டை அதன் இறுக்கமான உறையில் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாகப் போடுங்கள். பரணில் வேண்டாம், பீரோவின் அடித்தட்டு, கட்டிலுக்கு அடியில், எது வீட்டின் குளிர்ந்த காய்ந்த மூலையோ அது. அந்துருண்டை போடாதீர்கள், அந்த வாசனை துணியில் ஏறி மூடிய டென்டுக்குள் பிள்ளைகளுக்கு மூச்சடைக்கும். ஸ்லீப்பிங் பேகைச் சுருட்டி இறுக்கிக் கட்டி வைத்தால் பஞ்சு நசுங்கியே போய்விடும், ஆணியில் தொங்கவிடுங்கள். தலைவிளக்கின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் முனை பச்சை பூத்துவிடும்.

ஜிப் பிளந்துகொண்டு மூட மறுத்தால் பல் போய்விட்டது என்று டென்டையே தூக்கிப்போடுகிறார்கள். பெரும்பாலும் தேய்ந்தது ரன்னர்தான், பல் அல்ல. ரன்னரின் இரண்டு பின்பக்க ஓரத்தையும் சிறு குறடால் ஒரு மயிரிழை அழுத்துங்கள், ஒரு பக்கம் அழுத்தி ஓட்டிப் பார்த்து மறுபக்கம். மிகையாக அழுத்தினால் உடையும். அதற்கும் மசியவில்லை என்றால் தையல் சாமான் கடையில் அதே எண் ரன்னர் சில பத்து ரூபாய்தான். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். மண்ணைப் பழைய பல்துலக்கியால் தட்டி, பல்லின் மேல் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் போட்டால் அன்றைக்கு வழுக்கும், அடுத்த பயணத்தில் புழுதியெல்லாம் அதில் ஒட்டி ரன்னரை அரைத்துவிடும்.

ஆறு மாதம் எங்கேயும் போகாவிட்டாலும் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, வெயில் தொடங்கும் முன் ஒருமுறை டென்டை எடுத்து உதறி ஒரு மணி நேரம் விசிறிக் காற்றில் விரித்து வையுங்கள். அப்போதே உள்பக்கப் பூச்சில் கட்டைவிரலை அழுத்தி எடுங்கள். விரல் சத்தமில்லாமல் வழுக்கி வந்தால் பூச்சு நன்றாக இருக்கிறது. ‘ப்ச்’ என்று ஒட்டி வந்தால் அடுத்த மழைக்கு அதை நம்பி மலையேறாதீர்கள்.